உயிலில் ஹாஸ்பிஸுக்கு ஒரு பங்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் யூதக் குடும்பங்களுக்குப் பல வருஷம் உயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான், ஹாஸ்பிஸுக்கு, அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்கு, உயிலில் எழுதுவது பற்றிய இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. வந்த வரிசையிலேயே பதில்.

லண்டனில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்: நான் பார்த்துக்கொள்ளும் யூதப் பாட்டி, யூதர்களின் கடைசிக்காலப் பராமரிப்புக்குப் பணம் எழுதி வைக்கிறாராம். அரசு மருத்துவம் இலவசம்தானே அண்ணா, தனியாக எதற்கு?

வலிக்கு மருந்து எங்கேயும் ஒன்றுதான், தங்கச்சி. கோஷர் (யூத மத விதிப்படியான) சாப்பாடு, ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலை ஏற்றும் மெழுகுவர்த்தி (ஆக்சிஜன் ஓடும் அறையில் பேட்டரியில் எரிவது), நினைவு தப்புமுன் பாவங்களை ஒப்புக்கொண்டு சொல்லும் ‘விதூய்’ வேண்டுதல், உயிர் பிரிந்தபின் உடலைத் தனியே விடாமல் கூட இருக்க ஓர் ஆள். இதெல்லாம் மருந்துச் சீட்டில் வராது. தவிர, இங்கே ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன.

அவரே: எனக்கும் கொஞ்சம் எழுதுகிறார். சாட்சிக் கையெழுத்து போடட்டுமா?

வேண்டவே வேண்டாம். 1837ஆம் வருஷத்து உயில் சட்டப்படி உயில் செல்லும், உங்களுக்கு எழுதியது போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் போட்டாலும் அதே கதி. வக்கீல் வரும்போது அறையிலேயே இருக்காதீர்கள். நாளைக்குப் பிள்ளைகள் ‘மனசைக் கலைத்தது இவள்தான்’ என்பார்கள்.

ஒரு வாசகர்: தொகையாக எழுதுவதா, பங்காகவா?

பங்காக. இன்று 10,000 பவுண்டு என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து அதன் மதிப்பு என்ன? கடன், ஈமச்செலவு, மற்றவர்களுக்கு எழுதியது போக மிஞ்சுவதில் இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

இன்னொருவர்: பிள்ளைகளுக்குக் குறையுமே?

கணக்குப் போடுவோம். சொத்து 5,25,000 பவுண்டு. இங்கே இறந்தவர் சொத்துக்கு வரி உண்டு, வரியில்லா வரம்பு 3,25,000. வீட்டுக்கான கூடுதல் விலக்கை விட்டுவிடுவோம். மீதி 2,00,000க்கு 40% வரி, அதாவது 80,000. அந்த மீதியில் பத்தில் ஒன்று, 20,000, அறக்கட்டளைக்குப் போனால் வரி 36% ஆகிறது, 1,80,000க்கு 64,800தான். ஆக, 20,000 கொடுத்தும் பிள்ளைகளுக்குக் குறைவது வெறும் 4,800. இதைச் சொன்னதும் பல வீடுகளில் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்றொருவர்: யூத மதத்தில் இதற்கு அளவு உண்டா?

உண்டு. வாழும்போது தர்மம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது யூத அறிஞர்கள் வகுத்த பழைய விதி. தாண்டினால் கொடுத்தவரே கையேந்த நேரும். சாகும் தறுவாயில் அந்தப் பயம் இல்லை. ‘கட்டுச்சோறு கொஞ்சம், வழியோ தூரம்’ என்று மார் உக்வா என்ற அறிஞர் கடைசி நேரத்தில் பாதிச் சொத்தைக் கொடுத்ததாக யூத மதநூலான தால்முத் சொல்கிறது. ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பிறத்தியாருக்கு எழுதினால் எழுதியது எழுதியதுதான், அறிஞர்களுக்கு அதில் மனமகிழ்ச்சி இல்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. வாரிசு முறையும் யூத வேதமான தோராவில் தனி. ஆசாரமான குடும்பம் என்றால் வக்கீலோடு ரப்பையையும் (யூத மதகுரு) கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒருவர்: அமைப்பின் பெயர் மட்டும் போதுமா?

போதாது. பதிவு எண்ணும் வேண்டும். யூத நல வாரியமும் யூதப் பார்வையற்றோர் சங்கமும் 1990இல் சேர்ந்து ‘ஜூயிஷ் கேர்’ ஆயின. பழைய பெயரில் எழுதிய உயில்கள் எத்தனையோ! ‘இணைந்தாலும் பெயர் மாறினாலும் அதன் வாரிசு அமைப்புக்கே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.