வயதான நாய்க்கு வயிறு கெட்டால்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணாச்சி, எங்கள் லேப்ரடாருக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த பீஃப் வறுவலைப் போட்டோம். நேற்றிலிருந்து மூன்று முறை வாந்தி, இன்றைக்குத் தண்ணியாகப் போகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகுமா?

இளம் நாயாக இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருப்பேன். 11 வயதில் வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நம்ம ஊர் வறுவலில் தேங்காய்க்கொத்து, எண்ணெய், கறியின் கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். அவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் உள்ளே போனால் கணையம் வீங்கக்கூடும். முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் வயிற்றில் நல்ல வலி இருக்கிறது.

நீர் வற்றியிருக்கிறதா என்று தோலை இழுத்துப் பார்ப்பார்கள். வயதான நாய்க்குத் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும், அதை நம்ப முடியாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு ஒட்டினாலோ வெளுத்திருந்தாலோ தாமதிக்காதீர்கள்.

வாந்தி நிற்கும்வரை சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிற நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் பட்டினியே போடாதீர்கள்.

வாந்தி நின்ற பிறகு, குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி ஒரு பங்கு. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். மலம் கெட்டிப்பட்ட பிறகு பழைய சாப்பாட்டை ஒரு வாரத்தில் மெல்லக் கலந்து கொண்டுவாருங்கள்.

குளச்சலிலிருந்து: நாட்டு நாய், 10 வயது. தினமும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் குழம்பும்தான். இப்போது அடிக்கடி வாயுவும் பேதியும்.

சாளை நல்ல மீன். குழம்பில் இருக்கும் உள்ளியும் (வெங்காயம்) பூண்டும்தான் ஆபத்து, அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் நிறம் மாறும். குழம்பு வைக்கும் முன்பே நாலு மீனைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் அவித்து, முள்ளை நீக்கிக் கொடுங்கள். மரச்சீனியைப் பச்சையாகவோ தோலோடோ கொடுக்கவே கூடாது, அதில் சயனைடு உண்டு. நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துக் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் அது வெறும் மாவுச்சத்து, வயதான உடம்பில் தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். கருவாட்டை நிறுத்திவிடுங்கள், உப்பு அதிகம்.

தக்கலையிலிருந்து: பால் சோறு தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான். எப்போதும் இளக்கமாகவே போகிறான்.

பாலை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. வாசனைக்குக் கோழி வெந்த தண்ணீரைக் கொழுப்பை எடுத்துவிட்டுச் சோற்றில் ஊற்றுங்கள், சாப்பிடுவான்.

குலசேகரத்திலிருந்து: சார், ரப்பர் தோட்டத்தில் காவலுக்கு நிற்கும் பெட்டை, 9 வயது, கருத்தடை செய்யவில்லை. சாப்பிடவில்லை, இரண்டு முறை வாந்தி, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். இதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சமீபத்தில் ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனதா? அது முடிந்து சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிப்பது வயதான பெட்டைகளுக்கு வருகிற பெரிய ஆபத்து. சீழ் வெளியே வந்தால் தெரிந்துவிடும். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டுகூட வராது, அதுதான் இன்னும் மோசம். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இரண்டிலும்கூட இப்படித் தாகம் எடுக்கும். எது என்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும். சீழ் என்றால் பெரும்பாலும் கருப்பையை எடுக்கும் ஆபரேஷன்தான் வழி. இதைப் படித்ததும் வண்டி பிடியுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மூட்டு வலிக்காக வீட்டில் இருந்த டைக்ளோஃபினாக் மாத்திரை கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போகிறது.

தார் போலக் கறுத்திருந்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. நம் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை, எப்போது கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, டாக்டர் எடை பார்த்துத் தருவார்.

கருங்கலிலிருந்து: எங்கள் கிழவன் முக்கி முக்கித்தான் போகிறான். வருவதும் பட்டையாக இருக்கிறது.

கோழி எலும்பு போடுகிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சோற்றோடு வெந்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி சேருங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். காயடிக்காத கிழட்டுக் கடுவனுக்குப் புரோஸ்டேட் வீங்கி மலக்குடலை அழுத்துவதும் உண்டு, பட்டையாக வருவதற்கு அது ஒரு காரணம். டாக்டர் விரலால் சோதித்தாலே தெரியும். இரண்டு நாளாக ஒன்றுமே வராமல் வாந்தியும் எடுத்தால் பூசணிக்குக் காத்திருக்க வேண்டாம்.