10 சீட்டு வெச்சி முதலமைச்சர் ஆனது எப்படி?

கடிதம்

அண்ணா, சிங்கப்பூர் பத்தி நீங்க எழுதினது படிச்சேன். 1955ல அங்க முதலமைச்சர் ஆன டேவிட் மார்ஷல் கட்சிக்கு 10 சீட்டுதான், அப்புறம் எப்படி ஆட்சி? 1952ல நம்ம வட ஆற்காட்டு மாணிக்கவேலு நாயக்கரை ராஜாஜி சேத்துக்கிட்ட கதைதானே இதுவும்? பதவி ஆசைக் கூட்டணின்னு சொன்னா தப்பா?

– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்

தம்பி, பாதி சரி. 1952ல சென்னை மாகாண சட்டசபையில காங்கிரசுக்கு 375ல 152தான், ஆளு பத்தல, 6 பேர் வெச்சிருந்த காமன்வீல் கட்சி நாயக்கர அமைச்சர் ஆக்கிட்டாரு ராஜாஜி, புரியற கணக்கு. சிங்கப்பூர் கணக்கு அப்படி இல்லபா. அப்போ அங்க வெள்ளக்காரன் ஆட்சி, சட்டசபையில 32 பேரு, ஜனங்க ஓட்டு போட்டது 25க்குதான். மார்ஷலோட லேபர் ஃபிரண்ட் 10, அம்னோங்கற மலாய்க்காரங்க கட்சி இருந்த அலையன்ஸ் கூட்டணி 3, சேத்தா 13, எங்க பத்தும்? மிச்சம் எங்கிருந்து வந்துதுன்னா, பதவி வழியா உள்ள உக்காந்திருந்த அதிகாரிங்க 3 பேரு, கவர்னர் நியமிச்ச உறுப்பினருங்க 2 பேரு, ஆக 18. எந்த வெள்ளக்காரன் ஆட்சி போகணும்னு மார்ஷல் ஓட்டு கேட்டாரோ, அவன் ஆளுங்களையே கூட்டித்தான் மெஜாரிட்டி!

அலையன்சுக்குக் குடுத்தது பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு அமைச்சர், அப்துல் ஹமீத் ஜுமாட். கவர்னர் பக்கம்தான் கனம். பாதுகாப்பு, வெளியுறவு எல்லாம் சீஃப் செக்ரட்டரி கிட்ட, கஜானா ஃபைனான்ஷியல் செக்ரட்டரி கிட்ட, அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமையே கவர்னர். மார்ஷலுக்கு உக்கார ரூம் கூட இல்ல, வெளிய மரத்தடியில மேசை போட்டு ஆபீஸ் நடத்துவேன்னு மிரட்டினப்புறம்தான் மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன ரூம் குடுத்தாங்க (நம்ம தாலுக்கா ஆபீஸ்ல ரெக்கார்டு கட்டு வைக்கவே இதைவிட பெரிய ரூம் இருக்கும்). அடுத்த மாசமே ஹாக் லீ பஸ் கம்பெனி தொழிலாளர் போராட்டத்துல கலவரம், 4 பேர் செத்தாங்க, போலீசு அவர் கையில இல்ல, திட்டு மட்டும் அவருக்கு.

பதவி ஆசைன்னா சொல்ற? எதிர்க்கட்சியா உக்காரலாம்னு நினைச்சி நின்ன ஆளுபா அவரு. ஜெயிக்கும்னு எல்லாரும் சொன்ன புரோகிரசிவ் கட்சி 22 பேர நிறுத்தி 4 தான் ஜெயிச்சுது, அதோட தலைவர் சி.சி. டான் தோத்ததே மார்ஷல் கிட்ட, கெய்ர்ன்ஹில் தொகுதியில. 1956ல லண்டன் போனாரு, முழு சுயாட்சி தரமாட்டோம்னுட்டாங்க, கிடைக்கலன்னா விலகிடுவேன்னு சொன்ன வாக்குப்படி ஜூன்ல ராஜினாமா.

அவரு போனாரு, கூட்டணி போகல. அவர் கட்சிக்காரரே லிம் யூ ஹாக் முதலமைச்சரா வந்து உக்காந்தாரு, அலையன்சும் அப்படியே கூட இருந்துது. ஆசைன்னு திட்டணும்னா அவங்களத்தான் திட்டணும், ஆனா 1957ல லண்டன்ல வெள்ளக்காரன சுயாட்சிக்கு ஒத்துக்க வெச்சதும் லிம் கூட்டிட்டுப்போன குழுதான், அதனால எனக்கு ரொம்பத் திட்டவும் வாய் வரல.