அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்காதீர்கள், ஊற விடுங்கள்

கேள்வி: வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குப் புதிதாக வந்திருக்கிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து துடைத்தால் எந்தக் கறையும் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா? சாப்பாடு சத்தாகவும் இருக்க வேண்டும், வீட்டில் இனிப்பும் செய்ய வேண்டும் என்றால் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். அது உண்மை இல்லை. சமையல் சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினால் ஒன்றின் வலுவை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. பொங்கி எழும் நுரை வெறும் கரியமில வாயு. நுரை அடங்கிய பிறகு கிண்ணத்தில் மிஞ்சுவது தண்ணீரும் அதில் கரைந்திருக்கும் ஓர் உப்பும்தான். அந்த நீரால் துடைத்துச் சுத்தமானால், துடைத்த கைக்குத்தான் அந்தப் பெருமை சேரும். தனித்தனியாகப் பயன்படுத்தும்போது இரண்டுமே நல்ல பொருட்கள்; எதை எதற்கு எடுப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

18 ஆண்டுகளாக வீட்டு வேலை பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரும் சூடும் நேரமும் செய்து முடிக்கக்கூடிய வேலையை நாம் அவசரப்பட்டுக் கையால் செய்கிறோம். கல்யாணமான முதல் வருடத்தில் பால் அடிப்பிடித்துக் கருகிய ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை, விருந்தாளிகள் வருவதற்குள் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று கம்பி நாரால் அரை மணி நேரம் தேய்த்தேன். கருகல் போனது, ஆனால் அடியில் வட்டவட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது. அதன் பிறகு அதில் எப்போது பால் காய்ச்சினாலும் கீறல் விழுந்த அதே இடத்தில்தான் முதலில் பிடிக்கும். இப்போது அப்படிப் பிடித்துவிட்டால், கருகல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, 2 மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுகிறேன். சூட்டில் சமையல் சோடா இன்னும் வலுவான காரமாக மாறி, கருகிய பால் புரதத்தையும் அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் இளக்கிக்கொடுக்கும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் மரக்கரண்டியின் விளிம்பால் ஓரத்தை நெம்பினால், கருகல் பெரிய பெரிய ஏடுகளாகக் கிளம்பி வரும். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகாது, காரம் பட்டால் அது கறுத்துவிடும். அதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு ஊறவைப்பதே போதும்.

உப்புத் தண்ணீரால் கெட்டிலின் உள்ளேயும் குழாய் முனையிலும் படியும் வெள்ளைப் படிவம் வேறு வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், சோடா போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. அமிலம் பட்டால்தான் கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துக் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை நன்றாக அலசினால் உள்பக்கம் புதிதாகத் தெரியும். குழாய் முனைக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் போதும். ஆனால் பளிங்குத் தரையும் பளிங்கு மேடையும்கூட அதே கால்சியம் கார்பனேட்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவற்றின் மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் பளபளப்பு மங்கித் தழும்பு விழுந்துவிடும்; பிறகு பாலிஷ் போட ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

துணிக் கறையில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். முட்டை, பால், இரத்தம் ஆகிய மூன்றும் புரதக் கறைகள். சூடான தண்ணீரை ஊற்றினால் முட்டை வேகிற மாதிரியே கறையும் நூலுக்குள் வெந்து பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்; பிறகு நொதிகள் சேர்ந்த சலவைத்தூளைக் கரைத்து அதில் ஊறவைத்தால், அந்த நொதிகள் புரதத்தைத் துண்டுதுண்டாக்குவதற்குத் தேவையான நேரம் கிடைக்கும்.

இனி, கலப்பது பற்றிய முக்கியமான எச்சரிக்கை. சோடாவும் வினிகரும் கலந்தால் வீண், அவ்வளவுதான். பிளீச்சிங் திரவத்தோடு எந்த அமிலம் கலந்தாலும் ஆபத்து. ஒருமுறை குளியலறையில் கறை நீக்கும் அமிலத் திரவத்தை ஊற்றிவிட்டு, அது போதாதென்று அதன் மேலேயே பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றினேன். கதவு சாத்தியிருந்தது. சில நொடிகளில் மூக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு நெடி ஏறி, கண் எரிந்து, இருமல் நிற்கவில்லை. வெளியே ஓடி வந்து காற்றில் நின்ற பிறகுதான் மூச்சு சீரானது. அங்கே கிளம்பியது குளோரின் வாயு என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு பிளீச் கலந்தாலும் இதைப் போலவே நச்சு வாயு வரும். அப்படி நேர்ந்துவிட்டால் அதை அள்ளவோ கழுவவோ அங்கேயே நிற்காமல் உடனே வெளியேற வேண்டும். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தத் திரவங்களைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். மேலும், கிருமிநாசினியைத் தெளித்த உடனேயே துடைத்தெடுப்பதால் பயன் இல்லை. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, அதன் பிறகு தெளித்து, லேபிளில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குவரை ஈரமாகவே விட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். சத்தான சாப்பாடு என்றதும் விலை உயர்ந்த பொருட்களை நினைக்கத் தேவையில்லை. பயறும் பருப்பும் தானியமும் காய்கறியும் பழமும் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டாலே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. காய்கறியும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்றும், உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுப் பயறு வகைகளை முந்தைய இரவே ஊறவைத்துவிட்டால் வேகும் நேரம் குறையும், வயிற்று உப்புசமும் குறையும். சீக்கிரம் வேக வேண்டும் என்று ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுபவர்கள் உண்டு, நானும் போட்டிருக்கிறேன். அது தோலை இளக்கும் என்பது சரிதான், ஆனால் பயறில் இருக்கும் தயாமின் என்ற பி1 வைட்டமினையும் அது அழித்துவிடும். ஊறவைக்க மறக்காமல் இருப்பதே மேல். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பைப் பயறு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் தோல் விறைப்பாகவே நிற்கும். அதே எலுமிச்சையைச் சாப்பிடும் நேரத்தில் பிழிந்துகொள்வதில் ஒரு லாபமும் உண்டு. அதன் வைட்டமின் சி, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் டீயும் காப்பியும் நேர் எதிரான வேலையைச் செய்யும்.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியை வரவழைக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடுவது ஆபத்து, ஏனென்றால் அந்தச் சூடு லெக்டினை அழிக்கப் போதாது.

ஊறவும் வேகவும் நேரம் கொடுக்கச் சொன்ன நானே, சமைத்த உணவை வெளியில் வைக்கும் விஷயத்தில் நேரம் கொடுக்கக் கூடாது என்பேன். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. எனவே சமைத்த எதையும் 2 மணி நேரத்துக்கு மேல் மேடையில் விட்டுவைக்கக் கூடாது. சாதத்தில் இது இன்னும் முக்கியம். அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைத்திருந்து, சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

இனிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குத் தெரிந்து செய்தால் போதும். பாலிலும் முழுப் பழத்திலும் இயல்பாக இருக்கும் சர்க்கரையைச் சேர்க்காமல், நாம் போடும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் என்று ஆகிறது. நான் அடிக்கடி செய்யும் கேரமல் கஸ்டர்டில் அரை லிட்டர் பாலுக்கு 4 முட்டை, கஸ்டர்டுக்கு 60 கிராம் சர்க்கரை, கேரமலுக்கு 60 கிராம் சர்க்கரை போகிறது. 6 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 20 கிராம். அதாவது ஒரு துண்டிலேயே 50 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. அன்று டீயில் சர்க்கரை போடாமல் இருந்துவிட்டால் கணக்கு ஓரளவு நேராகும் என்பது என் வீட்டு ஏற்பாடு.

கேரமலுக்குச் சர்க்கரையோடு 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றியதும் கரண்டியை எடுத்து வைத்துவிட வேண்டும். கிளறினால் பக்கத்தில் தெறிக்கும் பாகு காய்ந்து மணியாகி, மறுபடி உள்ளே விழுந்து, முழுப் பாகையும் பூக்கவைத்துவிடும், அதாவது மறுபடி சர்க்கரை மணிகளாக்கிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் பூக்கும் ஆபத்து குறையும். முதலில் பெரிய குமிழ்கள் வந்து, பிறகு அவை சிறுத்து, ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரியும். அதற்கு அப்புறம் அரை நிமிடம்கூட வேறு பக்கம் திரும்பக் கூடாது. தேன் நிறம் வந்ததும் இறக்கிவிட்டால் பாத்திரத்தின் சூடே மீதி நிறத்தைக் கொடுத்துவிடும். அடர் நிறம் வரட்டும் என்று அடுப்பிலேயே காத்திருந்தால் கசந்துவிடும். அந்த நேரத்தில் பாகின் சூடு 170 டிகிரி அளவில் இருக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் குழந்தைகளைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

கஸ்டர்டு கெட்டியாவது 80 டிகிரியை ஒட்டித்தான். கொதிக்கும் அளவுக்குச் சூடு ஏறினால் முட்டை திரிந்து, துளைதுளையாகித் தண்ணீர் விட்டுவிடும். அதனால்தான் அடியில் கேரமலும் அதன் மேல் கஸ்டர்டுக் கலவையும் ஊற்றிய அச்சை வெந்நீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி, 160 டிகிரி ஓவனில் 45 நிமிடம் போல வேகவைக்கிறோம். அச்சை லேசாகத் தட்டினால் ஓரம் நின்று நடுப்பகுதி மட்டும் ஆட வேண்டும். நடுவும் ஆடாமல் நின்றால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், ஜில்லென்று பரிமாறும் இனிப்புகளில்தான் நாம் அறியாமல் சர்க்கரையைக் கூட்டிவிடுகிறோம். சுவை பார்ப்பதானால் குளிர்ந்த பிறகு பாருங்கள், அல்லது குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

ஆறிய கஸ்டர்டை மூடி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கண்ணாடிபோல் இறுகிக் கிடந்த கேரமல், கஸ்டர்டின் ஈரத்தை இழுத்து மெல்ல இளகிச் சாறாக மாற அவ்வளவு நேரம் வேண்டும். 2 மணி நேரத்தில் கவிழ்த்தால் சாறு வராது, பாதிக் கேரமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று ஓட்டி, அச்சின் அடியைச் சில விநாடி வெந்நீரில் வைத்துக் கவிழ்த்தால், ஒரு சின்னச் சத்தத்தோடு முழுசாக இறங்கும். அச்சிலும் பாகு காய்ச்சிய பாத்திரத்திலும் கெட்டியாகக் கிடக்கும் மிச்சத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். அது கருகல் இல்லை, சர்க்கரைதான்; அதற்குச் சோடாவும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். வெந்நீரை ஊற்றிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். நீங்கள் கை கழுவ எழுந்து வருவதற்குள் அது பழுப்பு இழைகளாகப் பிரிந்து, தண்ணீரின் அடியில் சுருண்டு சுருண்டு கரைந்துகொண்டிருக்கும்.