மெஷினுக்குக் கீழே குனிந்து பாருங்கள்

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்த என் மகள், ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படிக்கிறேன் என்கிறாள். 'படிப்பு ஏறாதவங்க போற இடம்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அரசு ஐ.டி.ஐ.க்கள் எல்லாம் மாறிவிட்டதாகச் செய்தி வருகிறதே, நம்பிச் சேர்க்கலாமா? - ஒரு வாசகி

பதில்: அந்தச் சொந்தக்காரர்களை ஒருநாள் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைச் சீவும் மெஷின்) முன்னால் நிறுத்த வேண்டும், அம்மா. இருபத்தாறு வருடம் லேத் சொல்லிக்கொடுத்தவன் நான். வெட்டுகிற டூல் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நிற்க வேண்டும்; ஒரு பையன் புரோகிராமில் எக்ஸ் 50 என்று அடித்துவிட்டு, பின்னால் புள்ளி வைக்க மறந்துவிட்டான். எங்களிடம் இருந்த பழைய கன்ட்ரோலுக்குப் புள்ளியில்லாத 50 என்றால் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். டூல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நடு மையத்தை நோக்கி விறுவிறுவென்று போய் ஜாபில் (சீவ மாட்டியிருந்த இரும்புத் துண்டில்) மோதித் தெறித்தது. நல்லவேளை, கதவு மூடியிருந்தது. பள்ளிக்கூடத்துத் தசமக் கணக்குதான்! அது பிடிபடாதவர் இந்த வேலையில் ஒரு ஷிப்ட் தாங்க மாட்டார்.

செய்தி உண்மைதான். தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்தச் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. ரோபோ, சி.என்.சி. என்று வந்து இறங்கின. ஆனால் மெஷின் வந்தது வேறு, பிள்ளைகள் அதைத் தொடுவது வேறு. நான் பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ரிப்பன் வெட்டிப் பல மாதம் கழித்தும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம்.

அதனால் ஒரு வேலை நாளில் மகளோடு நேரில் போங்கள். மெஷினுக்குக் கீழே இருக்கும் தட்டைக் குனிந்து பாருங்கள். சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்து, கூலன்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) வாடையும் அடித்தால் தைரியமாகச் சேருங்கள். பளபளவென்று துடைத்து வைத்திருந்தால் அடுத்த ஐ.டி.ஐ.யைப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது.

அப்புறம், துப்பட்டாவையும் வளையலையும் முதல் நாளே வீட்டில் விட்டுப் போகச் சொல்லுங்கள். சுற்றுகிற மெஷின் எதையும் இழுத்துக்கொள்ளும்.