கலப்பு வேறு, கலப்படம் வேறு

கேள்வி: வீட்டில் சமைத்ததை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. டாகோ என்கிற மெக்சிகோ மடிப்பு ரொட்டிக்குள் கொரிய இறைச்சி, பீட்சா மேல் அன்னாசி, ரொட்டிக்குள் கிம்ச்சி என்கிற கொரியப் புளித்த முட்டைக்கோஸ் என்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பண்டங்களைத் தேடித் தேடித் தின்கிறார்கள். நாக்கு கெட்டுப்போன தலைமுறை என்று இவர்களைச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: சொல்லலாம். அதற்கு முன்னால் உங்கள் பட்டியலையே ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

முதலில் அன்னாசி பீட்சா. 1962-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உணவகம் நடத்திவந்த சாம் பனோபுலோஸ், டப்பாவில் இருந்த அன்னாசித் துண்டுகளை எடுத்து, என்னதான் ஆகும் பார்ப்போமே என்று பீட்சா மேல் போட்டார். இத்தாலியப் பண்டம், கிரேக்கத்தில் பிறந்த கடைக்காரர், கனடாவில் கடை, வைத்த பெயரோ ஹவாய்! அறுபது வயதைத் தாண்டிவிட்ட சமாசாரத்துக்கு இன்றைய பிள்ளைகளை ஏன் கோபிக்கிறீர்கள்? உங்கள் கட்சியில் பெரிய மனிதர்களும் உண்டு. ஐஸ்லாந்து அதிபர் 2017-ல், முடிந்தால் அன்னாசி பீட்சாவைத் தடைசெய்வேன் என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். ஊர் உலகமெல்லாம் பிடித்துக்கொண்டது. அப்படிச் சட்டம் போட எனக்கு அதிகாரம் இல்லை, இல்லாததும் நல்லதுதான் என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

டாகோவில் கொரிய இறைச்சி? அது 2008-ல் சமையல்காரர் ராய் சோய் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஓட்டிய கோகி என்ற உணவு வண்டியால் பிரபலமானது. வண்டி இன்று எந்தத் தெருவில் நிற்கும் என்பதை ட்விட்டரில் பார்த்துவிட்டு ஜனம் வரிசையில் நின்றது. மெக்சிகோவின் சொந்தச் சரக்கு என்று நாம் நினைக்கும் அல் பாஸ்தோர் டாகோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் ஷவர்மா கம்பியைக் கொண்டுவந்தார்கள். ஆட்டிறைச்சியின் இடத்தில் பன்றியிறைச்சி ஏறியது, அவ்வளவுதான். கிம்ச்சியைச் சிவக்கவைக்கும் மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. கொலம்பஸுக்கு முன்னால் கொரியாவில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கூடி உட்கார்ந்து கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த மிளகாய்க்கு யாரும் ஊர் கேட்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது சால்மன் சூஷி கதை, அதாவது சோற்று உருண்டை மேல் பச்சை சால்மன் மீன் துண்டு வைத்த ஜப்பானியப் பண்டத்தின் கதை. ஜப்பானியர்கள் சால்மனை உப்புப் போட்டோ சுட்டோதான் சாப்பிட்டார்கள். அவர்கள் கடலில் பிடிபடும் சால்மனில் புழு இருக்கும் என்ற பயத்தில் பச்சையாகத் தொடமாட்டார்கள். 1980-களில் நார்வேயில் வளர்ப்பு சால்மன் மலைபோல் குவிந்தது. விற்க ஆள் வேண்டுமே! எங்கள் மீனைப் பச்சையாகவே சாப்பிடலாம் என்று ஜப்பானியரிடம் பல வருஷம் மல்லுக்கட்டி விற்றார்கள். இன்று சூஷி என்றதும் கண்முன் வருவது அந்த ஆரஞ்சுத் துண்டுதான்.

சரி, பழங்கதை போதும். உங்களைப் போலவே முகத்தைச் சுளித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அது நான்தான். என் தங்கை மகள், தானே முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, ஜாடியில் புளிக்கவைத்த கிம்ச்சியை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் சீஸோடு வைத்து வாட்டித் தந்தாள். ஏளனம் செய்யத் தயாராகத்தான் வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு சுள்ளென்று ஏறியது, பின்னாலேயே காரம். தொண்டை வரை போவதற்குள் உருகிய சீஸ் வந்து காரத்தை அணைத்துவிட்டது. மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சீஸின் கனத்தைக் கிம்ச்சியின் புளிப்பு வெட்டுகிறது. இது எதையும் அவள் எனக்குப் பாடமாக எடுக்கவில்லை. “இன்னொன்று போடட்டுமா, மாமா?” என்றுதான் கேட்டாள். போடச் சொன்னேன். வீட்டில் சமைத்ததைத் தொடுவதில்லை என்றீர்களே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. அதே பெண்ணோடும் அவள் சிநேகிதிகளோடும் ஓர் உணவகத்துக்குப் போனேன். பெயர் எதற்கு? மெனு அட்டை முழுக்கத் தேசக்கொடிகள். கொரியன், மெக்சிகன், ஜப்பானியன் என்று மூன்று தட்டு வாங்கினோம். தட்டு வந்ததும் நான்கு செல்போன்கள் எழுந்தன. ஒருத்தி சீஸை முழநீளத்துக்கு இழுத்துக் காட்டினாள். படப்பிடிப்பு முடிவதற்குள் எல்லாம் ஆறிவிட்டது. அப்புறம் சாப்பிட்டால், மூன்றிலும் ஒரே சாஸ்! கெட்சப்பும் மயோனைஸும் கலந்து கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவியது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் எது எந்த நாடு என்று சத்தியமாகத் தெரியாது. இனிப்பு, உப்பு, கொழுப்பு மூன்றையும் அள்ளிக் கொட்டினால் எந்த நாக்கும் சரி என்றுதான் சொல்லும். அதற்கு உலகம் சுற்ற வேண்டியதில்லை. நாக்கைக் கெடுப்பது இதுதான். பல நாட்டு உணவு என்ற பெயரில் ஒரே தீனியைக் கொடி மாற்றி விற்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளைத் திட்டுகிறீர்கள், நான் அந்த மெனு அட்டையைத் திட்டுகிறேன்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது வரவழைத்தால், ஒரு வாய் கேட்டு வாங்குங்கள். மேலே இருக்கும் சீஸையும் சாஸையும் வழித்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். ருசியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரருக்கு எழுதுங்கள்.