தணிக்கை அறிக்கை சுத்தம், ஆனால் நிறுவனம் நன்றாக இருக்கிறதா?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தில் 14 ஊழியர்கள், 7 பேர் கொண்ட நிர்வாகக் குழு. தணிக்கையில் இதுவரை குறை எதுவும் வந்ததில்லை. ஆனாலும் நல்ல ஊழியர்கள் விலகிப் போகிறார்கள். வருடக் கடைசியில் சம்பளம் போடவே இழுபறியாகிறது. வெளியிலிருந்து ஆலோசகரை அமர்த்த வசதியில்லை. நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்று வருடாவருடம் நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். 14 பேர் உள்ள நிறுவனத்துக்கு ஆலோசகர் கட்டாயமில்லை. கணக்குகள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதுதான் தணிக்கையாளரின் முக்கியமான வேலை. முடிவுகளை யார் எடுக்கிறார்கள், ஊழியர்கள் ஏன் போகிறார்கள் என்பதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பணம். வங்கி இருப்பைப் பார்த்து நிம்மதியடைவதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு. ஒரு நிறுவனத்தின் ஆண்டுச் செலவு 60 லட்சம், வருடக் கடைசியில் வங்கியில் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அதில் 24 லட்சம், குறிப்பிட்ட திட்டத்துக்கென்று நன்கொடையாளர் முன்கூட்டியே கொடுத்தது. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. கொடுக்க வேண்டிய பில்கள் இன்னும் 1 லட்சம். மிச்சம் 5 லட்சம், அதாவது ஒரே ஒரு மாதச் செலவு. 3 முதல் 6 மாதச் செலவுக்கான தொகை கட்டுப்பாடற்ற கையிருப்பாக (எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கக்கூடிய பணமாக) இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்றால், திட்ட நிதியின் ஒரு தவணை தாமதமானாலே சம்பளத்தில் கை வைக்க வேண்டிவரும். உங்கள் இழுபறிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே இந்தக் கணக்கோடு, அடுத்த 12 மாதங்களுக்கு எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிகப் பெரிய நன்கொடையாளர் நிறுத்திவிட்டால் எந்தெந்த வேலை நிற்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதை ஆரோக்கியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தகவலும் மதிப்பீடும் தந்துவந்த கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றின் தலைவர்களும் 2013-ல் நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கணக்காளர் இல்லாமல் களப்பணியாளரே ராத்திரியில் உட்கார்ந்து பில் எழுதுகிறார் என்றால், அந்தச் ‘சிக்கனம்’ அடுத்த ராஜினாமாவில்தான் போய் முடியும்.

அப்புறம், ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. இதற்கு, குழு உறுப்பினர்களும் ஊழியர்களும் நிரப்பித் தர ஒரு கேள்வித்தாள் வேண்டும். அமெரிக்காவின் வென்ச்சர் ஃபிலாந்த்ரபி பார்ட்னர்ஸ் என்ற தொண்டு அமைப்புக்காக மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனம் 2001-ல் உருவாக்கிய மதிப்பீட்டு அட்டவணை இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. நோக்கம், உத்தி, திறன்கள், மனிதவளம், அமைப்பு முறை என்று 7 தலைப்புகளில் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லும். அதை அப்படியே பயன்படுத்துவது உங்களுக்குப் பாரம். 20 கேள்விகள் போதும். ஆனால் அந்த அட்டவணையிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நான்கு படிகள். நடுவில் ஓர் எண் இல்லாததால் யாரும் நழுவ முடியாது. இரண்டு, ஒவ்வொரு படிக்கும் என்ன பொருள் என்று வாக்கியமாக எழுதியிருப்பது. உதாரணமாக, நிதி பற்றிய கேள்வியில் 1 என்றால் ‘நிலவரம் பொருளாளருக்கு மட்டுமே தெரியும்’. 4 என்றால் ‘காலாண்டுக்கு ஒருமுறை குழு வரவு செலவை பட்ஜெட்டோடு ஒப்பிட்டு விவாதிக்கிறது’. வெறுமனே ‘சுமார்’, ‘நன்று’ என்று போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

தாள்கள் திரும்பி வந்ததும் சராசரி போட உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த மதிப்பீட்டின் முழுப் பயனும் சராசரியில் காணாமல் போய்விடும். ‘முடிவுகள் எடுக்கும்போது களப்பணியாளர்களைக் கேட்கிறோம்’ என்பதற்குக் குழு உறுப்பினர்கள் எல்லாரும் 4 போட்டு, ஊழியர்கள் 1 போட்டிருந்தால், விஷயம் அங்கேதான் இருக்கிறது. குழுவின் எண்ணையும் ஊழியர்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடைவெளி அதிகமுள்ள மூன்று கேள்விகளை மட்டும் பேசுங்கள். எல்லாரும் ஒருமித்து 2 போட்ட கேள்வி அவ்வளவு அவசரமில்லை. குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பெயர் எழுத வேண்டாம் என்றால் மட்டும் போதாது. 14 பேரில் ‘கணக்குப் பிரிவு’ என்று தனியாகப் பிரித்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். ஆகவே குழு, ஊழியர்கள் என்ற இரண்டே பிரிவுகள். தாள்களை இயக்குநர் வாங்கக் கூடாது. பொறுப்பு எதுவும் வகிக்காத ஒரு குழு உறுப்பினர் வாங்கட்டும்.

மிச்சம் சிலவற்றை யாரையும் கேட்காமலே ஆவணங்களில் பார்க்கலாம். மினிட்ஸ் புத்தகத்தில் எத்தனை தீர்மானங்கள் நிறைவேறாமல் கிடக்கின்றன? எந்தக் கூட்டத்திலாவது ஓர் உறுப்பினர் எதிர்க்கேள்வி கேட்டதாகப் பதிவு உண்டா? விடுப்புப் பதிவேட்டில் இயக்குநர் வருடம் முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை என்றிருந்தால், அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். அவர் ஒரு மாதம் இல்லாவிட்டால் காசோலையில் கையெழுத்து, கடவுச்சொற்கள், நன்கொடையாளர் தொடர்பு இவையெல்லாம் யாரிடம் இருக்கும் என்று உடனே கேளுங்கள். விலகிப் போனவர்களிடம், அவர்களுடைய மேலதிகாரி அல்லாத ஒருவர் சில மாதங்கள் கழித்துப் பேசட்டும். கடைசி நாளில் யாரும் மனம் திறந்து சொல்ல மாட்டார்கள்.

பயனாளிகளுக்கு என்ன மாற்றம் நடந்தது என்பது தனி மதிப்பீடு. இதோடு கலக்க வேண்டாம். ஊழியர்களின் சம்பள உயர்வு மதிப்பீட்டோடு கண்டிப்பாகக் கலக்காதீர்கள், பயத்தில் எல்லாரும் 4 போட்டுவிடுவார்கள்.

பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதற்கு இரண்டு மாதம் முன்னால் இதைச் செய்யுங்கள். கணக்காளர் தேவை என்று தெரியவந்தால் அதற்குப் பணம் ஒதுக்க நேரம் இருக்கும். சரிசெய்ய இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ஒரு தொகை என்று தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். கேள்விகளைக் குறைந்தது மூன்று வருடம் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒப்பிட முடியாது. முடிவுகளை, குழுவுக்குச் சங்கடமானவை உட்பட, ஊழியர்களிடம் முழுதாகக் காட்டுங்கள். காட்டாவிட்டால் அடுத்த வருடம் தாளை வாங்கிய கையோடு எல்லாக் கேள்விக்கும் 3 போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.