வயதான பெற்றோரோடு ஊருக்குப் போக காரா, விமானமா, ரயிலா?

"கார் இருக்கிறது, மதுரைக்கு ஃப்ளைட் இருக்கிறது, அப்புறம் ஏன் இன்னும் ராத்திரி முழுக்க ரயிலில் போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கார் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும், பொங்கலுக்கு எல்லோரும் அதிலேயே போகலாம் என்று வீட்டில் ஆசைப்படுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் குரோம்பேட்டையில் இருக்கிறோம், சொந்த ஊர் ராஜபாளையம். அப்பாவுக்கு 78 வயது, ஊரில் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். இதயத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் நான் சொல்லப்போவது உடனே புரியும்.

மூன்று வருஷம் முன்பு போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் காரில் கிளம்பினோம். பெருங்களத்தூர் தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்புறமும் செங்கல்பட்டு வரை வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்துகொண்டிருந்தோம். அப்பா மெதுவாக, "கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா" என்றார். எங்கே நிறுத்துவது? சாலையின் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒரு சுங்கச்சாவடியில் கழிப்பறை இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் ரோட்டோரத்தில் என் கணவர் கார்க் கதவைத் திறந்து மறைவாகப் பிடித்துக்கொள்ள, பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் முழுக்க மேலே விழ, அப்பா நின்றார். நாற்பது வருஷம் வேட்டி மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போய் வந்த மனுஷன். விடிவதற்குள் இன்னும் ஐந்து தடவை நிறுத்தினோம், ஒவ்வொரு தடவையும் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். விழுப்புரத்துக்கு அப்புறம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார், காலையில் போட வேண்டிய மாத்திரையையும் போடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன.

அதற்கடுத்த தடவை பெங்களூரில் இருக்கும் தம்பி, "அக்கா, ஃப்ளைட்லயே கூட்டிட்டுப் போங்க, நான் டிக்கெட் போடறேன்" என்றான். பாசத்தில்தான் சொன்னான். ஏர்போர்ட் எங்களுக்குப் பக்கம்தான், சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும், பறப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இறங்கிய பிறகு மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையத்துக்கு மறுபடியும் ஒரு வாடகைக் கார். எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. அந்தக் காரிலும் அதே "கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா".

போன வருஷம் ராத்திரி ரயிலான பொதிகை எக்ஸ்பிரஸில் போனோம். தாம்பரம்தான் எங்களுக்குக் கிட்டே, ஆனாலும் அவசரமில்லாமல் ஏறலாம் என்று எழும்பூருக்கே போனோம். மூன்றாம் வகுப்பு ஏசி. அப்பாவுக்குக் கீழ் பெர்த், எனக்கு இரண்டு பெட்டி தள்ளி மேல் பெர்த் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). எதிரே நடு பெர்த்தில் இருந்த கல்லூரிப் பையன் கேட்டதும் மாற்றிக்கொண்டான். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டுவதற்குள் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம், அப்பா தண்ணீர் குடித்தார். வயிறு நிறையக் குடித்தார்.

நடு ராத்திரியில் கண் விழித்துப் பார்த்தால் கீழே பெர்த் காலி. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கழிப்பறைக்குப் போய்விட்டு கை கழுவும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டி தடதடவென்று பாலத்தில் போகிறது. "கொள்ளிடம். இனி ஸ்ரீரங்கம், அப்புறம் காவேரி" என்றார். என்னை எழுப்பக் கூடாதா என்றதற்கு, "எதுக்கும்மா, நானே போய்க்கிட்டேன்" என்றார். அந்த ராத்திரி நாலு தடவை போனாராம், மூன்று எனக்குத் தெரியவே தெரியாது. யாரையும் கேட்கவில்லை, யாரும் வண்டியை நிறுத்தவில்லை. நான் ஏன் ரயிலில் போகிறேன் என்றால் இதற்காகத்தான்.

கழிப்பறை நாறும், வண்டி லேட்டாகும், டிக்கெட்டே கிடைக்காது என்று எழுத வருவீர்கள். மூன்றும் உண்மை. நான் ரயில்வேக்காரி இல்லை, யாருக்கும் பரிந்து பேசவும் இல்லை. ஒரு சாவு, ஒரு ஆபரேஷன் என்றால் நானும் விமானம்தான் ஏறுவேன். ஆனால் "அப்பாவுக்குச் செலவு பண்ண மனசில்லை" என்று சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் சித்தி மகள் கல்யாணத்தில் நாங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியதும் முதல் கேள்வி "கார் என்னாச்சு?" என்பதுதான். அப்பா எப்படி இருக்கிறார் என்று அப்புறம்தான் கேட்டார்கள். காரில் வந்தவர்களை மண்டபத்து வாசலுக்கே போய்க் கூட்டிவந்தார்கள், ஆட்டோவில் வந்த நாங்கள் நாங்களாகவே இடம் தேடி உட்கார்ந்தோம். வண்டியைப் பார்த்து மரியாதை கொடுக்கும் வழக்கம் நம் சொந்தங்களுக்குள் எப்போது வந்தது? அப்பாவும் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செலவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் வரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனாவில் நிறுத்தியது நின்றதுதான். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு அது பெரிய தொகை.

சரி, உங்கள் விஷயம். 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும், காலை 8 மணிக்குத் தயாராக உட்காருங்கள். மூத்தவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, 60 வயதான ஆணோ 45 வயதான பெண்ணோ தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான் கிடைக்கும். எனக்கு 43, அதனால்தான் தனி டிக்கெட் போட்டு வேறு பெட்டியில் மாட்டினேன். நீங்கள் பெண்ணாக இருந்து 45 ஆகியிருந்தால் அம்மாவோடு ஒரே டிக்கெட்டில் போடலாம். முட்டி வலிக்கு மேற்கத்திய கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஏறியதுமே பார்த்து வையுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும், அதனால் முந்தின ஸ்டேஷன் தாண்டியதும் அம்மாவைக் கதவுப் பக்கம் கூட்டிப் போய்விடுங்கள், பைகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.